மலைக்கு அப்பாலிருந்து வந்த குரல்

2022 பெப்ரவரி 22ஆம் திகதி அயர்லாந்தின் தென்மேற்கேயுள்ள கிலார்னி என்ற சிறு நகரில், தமது இல்லத்தில் மார்க் லனகன் காலமானார். அப்போது அவருக்கு வயது 57. மறுநாள் காலை நான் வாசித்த இரங்கற் குறிப்புகளில் பல, அவரை வேறொருவரின் பெயரைக் கொண்டே வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தன. கேர்ட் கோபெய்னின் நண்பர் என்றது ஒன்று. குவீன்ஸ் ஒஃப் த ஸ்ரோன் ஏஜ் குழுவில் பாடியவர் என்றது மற்றொன்று. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவர் முன்னணியில் நின்று பாடிய 'ஸ்க்ரீமிங் ட்றீஸ்' என்ற குழுவுக்கு அவற்றுள் ஓரிரு வரிகளே கிடைத்திருந்தன.

செய்திப் பிரிவில் பல்லாண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இத்தகைய குறிப்புகள் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பது எனக்கு நன்கு தெரியும். மரணச் செய்தி வந்து சேரும். பக்கம் மூடப்படுவதற்கு அரை மணித்தியாலம் இருக்கும். இறந்தவரை வாசகர் அறியமாட்டார் என்று தோன்றினால், வாசகர் அறிந்த ஒரு பெயரைத் தேடி எடுத்து அதனருகே இவரை நிறுத்துவோம். நானும் அவ்வாறு பலரை நிறுத்தியிருக்கிறேன். 1994 ஏப்ரலில் கோபெய்னின் மரணச் செய்தியை நான்கு வரிகளாகச் சுருக்கி உட்பக்கமொன்றின் மூலையில் இட்டதும் இதே கைகள்தாம். ஆதலால் அந்தக் குறிப்புகளை எழுதியவர்களைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. ஆயினும், கடமையொன்று பாக்கி இருப்பதாக உணர்கிறேன். அக்கடமையின் ஒரு பகுதியையாவது நிறைவேற்றவே இதனை எழுதுகிறேன்.

அமெரிக்கக் கிறஞ்ச் இசை எனக்கு ஒரு ஒலிநாடாவின் மூலமே அறிமுகமானது. 1990களின் நடுப்பகுதியில் வெளிநாட்டிலிருந்து வந்து திரும்பிய நண்பர் ஒருவர் அதனை என்னிடம் விட்டுச் சென்றார். கெமரன் குறோ இயக்கி 1992இல் வெளிவந்த 'சிங்கிள்ஸ்' என்ற திரைப்படத்தின் பாடல்கள் அவை. கடைசிப் பக்கத்தின் படி வரும்வரை காத்திருக்கும் இரவு நேரங்களில் அதனைக் கேட்பேன். பேர்ல் ஜாம், சவுண்ட்கார்டன், அலிஸ் இன் செயின்ஸ் எனப் பெரும் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் நான் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டது 'நியர்லி லொஸ்ற் யூ' என்ற பாடலை. பாடியவர் யாரென்று உறையின் பொடி எழுத்துகளைப் பார்த்தபோதுதான் ஸ்க்ரீமிங் ட்றீஸ் என்ற பெயரை முதன்முதலாக வாசித்தேன். அலறும் மரங்கள்! அந்தப் பெயருக்கும் அந்தக் குரலுக்கும் எந்தப் பொருத்தமும் இருக்கவில்லை. அது அலறாத குரல். ஆழ்ந்து, கரகரத்து, நிலத்துக்கு அடியிலிருந்து எழுவது போன்ற குரல். பின்னர்தான் அறிந்தேன், அப்பெயர் கிற்றார் ஒலியை மாற்றும் ஒரு சிறு மின்கருவியின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை.

கிறஞ்ச் என்றதும் எல்லோரும் சியற்றில் என்கிறார்கள். ஆனால் இக்குழு சியற்றிலில் பிறந்ததன்று. சியற்றிலிலிருந்து கிழக்கே கஸ்கேட் மலைத்தொடரைக் கடந்து சுமார் 170 கிலோமீற்றர் சென்றால் எலன்ஸ்பேர்க் என்ற ஊர் வரும். மழைக்குப் பெயர்போன சியற்றிலுக்கு நேர்மாறாக இது மலையின் மழைமறைவுப் பக்கம். வறண்ட நிலம், ஓயாத காற்று, வைக்கோற் புல் விளையும் வயல்கள், ஒரு பல்கலைக்கழகம், ஆண்டுதோறும் நடைபெறும் றோடியோ என்ற குதிரை, மாட்டு வீர விளையாட்டு. இவ்வளவுதான் ஊரின் அடையாளங்கள். 1889இல் வோஷிங்டன் ஒரு மாநிலமாக உருவானபோது அதன் தலைநகராகும் போட்டியில் எலன்ஸ்பேர்க்கும் இருந்தது. அதே ஆண்டு ஜூலை 4ஆம் திகதி மூண்ட பெருந்தீயில் ஊரின் வணிகப் பகுதி எரிந்து போயிற்று. தலைநகரப் பெருமை ஒலிம்பியாவுக்குச் சென்றது. நெருங்கி வந்த வாய்ப்பு கைநழுவிப் போவது அவ்வூருக்குப் புதிதன்று என்று எண்ணிக்கொள்வேன்.

அந்த ஊரில் 1964 நவம்பர் 25ஆம் திகதி பிறந்தவர் மார்க் லனகன். இளமையிலேயே மதுவுக்கும் போதைக்கும் சில்லறைக் குற்றங்களுக்கும் பழகிப்போன ஒரு பையன். அதே ஊரில் கேரி லீ கொனர், வான் கொனர் என இரு சகோதரர்கள் இருந்தனர். அவர்களுடைய பெற்றோர் வீடியோ வாடகைக் கடை நடத்தினர். லனகன் அங்கே வேலை செய்தார். கேரி லீ கிற்றார், வான் பேஸ் கிற்றார், மார்க் பிக்கரல் என்ற நண்பர் ட்ரம்ஸ், லனகன் பாட்டு. 1980களின் நடுப்பகுதியில் குழு இவ்வாறு அமைந்தது. 1986இல் 'கிளேர்வோயன்ஸ்' என்ற முதலாவது இசைத்தொகுப்பு, ஊரிலிருந்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தின் வெளியீடாகவே வந்தது. அதன்பின் கலிபோர்னியாவின் எஸ்.எஸ்.ரி. நிறுவனம் இவர்களை ஏற்றுக்கொண்டு 1987 முதல் 1989 வரை ஆண்டுக்கொன்றாக மூன்று தொகுப்புகளை வெளியிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிர்வாணா குழுவின் முதலாவது தொகுப்பு 1989இல்தான் வெளிவந்தது. அதற்குள் எலன்ஸ்பேர்க் இளைஞர்கள் ஒரு பழைய வாகனத்தில் அமெரிக்காவைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து, நான்கு தொகுப்புகளையும் செய்து முடித்திருந்தார்கள். 1991 ஜனவரியில், அதாவது நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' வெளிவருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, எபிக் என்ற பெரிய நிறுவனத்தின் வழியாக இவர்களது 'அங்கிள் அனஸ்தீஷியா' வந்துவிட்டது. அதன் தயாரிப்பில் சவுண்ட்கார்டன் குழுவின் கிறிஸ் கோர்னெலும் பங்கேற்றிருந்தார். ஆக, அலையைக் கண்டு ஓடிவந்து ஏறியவர்கள் அல்லர் இவர்கள். அலை எழுவதற்கு முன்பே நீரில் நின்றவர்கள்.

பின் ஏன் அலை இவர்களைத் தூக்கிச் செல்லவில்லை? இக்கேள்விக்குப் பலரும் பல விடைகள் கூறுவர். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலாவது, தோற்றம். இது சற்று அநாகரிகமாகத் தோன்றலாம். ஆயினும் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் இதனை மறைப்பது நேர்மையாகாது. கொனர் சகோதரர்கள் இருவரும் பருத்த உடல்வாகு கொண்டவர்கள். மேடையில் கிற்றாருடன் புரண்டு உருண்டு வாசித்தவர் கேரி லீ. கோபெய்னின் பொன்னிறக் கூந்தலும் கோர்னெலின் கட்டுடலும் அட்டைப்படங்களுக்கு ஏற்றவையாக இருந்த காலம் அது. அழகைப் புறக்கணிப்பதாகச் சொல்லிக்கொண்டே அழகானவர்களைத் தேடித் தேடிப் படம் பிடித்தன சஞ்சிகைகள். கிழிந்த உடையும் கலைந்த தலையும் புரட்சி என்றார்கள். பருத்த உடல் மட்டும் புரட்சிக்குள் அடங்கவில்லை.

இரண்டாவது, காலம். 1992இல் வெளிவந்த 'ஸ்வீற் ஒப்ளிவியன்' இவர்களது ஆறாவது தொகுப்பு. பிக்கரல் விலக, ட்ரம்ஸ் வாசிக்க பறெற் மார்ட்டின் வந்திருந்தார். அதுவரை பெரும்பாலும் கேரி லீயே பாடல்களை எழுதி வந்தார். இப்போது அனைவரும் சேர்ந்து எழுதினர். முன்னைய தொகுப்புகளில் அடர்ந்த கிற்றார் ஒலிக்குள் மறைந்து கிடந்த லனகனின் குரலுக்கு இதில்தான் மூச்சுவிட இடம் கிடைத்தது. 'சிங்கிள்ஸ்' படத்தின் பாடலும் இதில் இடம்பெற்றது. தொகுப்பு சுமார் 3 இலட்சம் பிரதிகள் விற்றதாகக் கூறப்படுகிறது. வேறொரு காலத்தில் இது பெருவெற்றி. ஆனால் பேர்ல் ஜாமின் 'டென்' அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்ற காலத்தில் 3 இலட்சம் என்பது தோல்வியின் கணக்கில் வைக்கப்பட்டது.

அந்தப் பாதி வெற்றியைத் தொடர்ந்து உடனடியாக அடுத்த தொகுப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதிவுசெய்யத் தொடங்கியதைத் திருப்தி இல்லை என்று கைவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் ஓடின. 1996இல் 'டஸ்ற்' வந்தபோது கோபெய்ன் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரசிகர்களின் கண் பிரித்தானிய பொப் இசையின் பக்கம் திரும்பியிருந்தது. விருந்து முடிந்து இலைகளை எடுத்த பின்பு பந்திக்கு வந்தவர்களின் நிலை இவர்களுடையது.

ஆனால் 'டஸ்ற்' ஒரு பிந்திய வருகை என்பதற்காக அதனைத் தள்ளிவைப்பது பெரும் அநியாயம். என்னைக் கேட்டால், அக்காலத்து அமெரிக்க றொக் இசையின் மிகச் சிறந்த நான்கைந்து தொகுப்புகளில் அதுவும் ஒன்று. முதற் பாடலிலேயே சித்தாரை நினைவூட்டும் ஒலி காற்றில் சுழன்று எழும். தபேலாவும் ஹார்மோனியமும் ஒலிக்கும் இடங்கள் உண்டு. பறெற் மார்ட்டின் பிற நாடுகளின் தாளங்களை ஆர்வத்துடன் தேடிக் கற்றவர். கீழைத்தேய ஒலிகளை மேற்கத்தையவர்கள் அலங்காரத்துக்காக ஒட்டிவைத்த பாடல்களை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இது அப்படிப்பட்டதன்று. எலன்ஸ்பேர்க்கின் காற்று வீசும் வெளியிலிருந்து அந்த ஒலிகள் இயல்பாகவே எழுவது போன்ற பிரமை உண்டாகும். ரொம் பெற்றியின் குழுவைச் சேர்ந்த பென்மொன்ட் ரென்ச் வாசித்த விசைப்பலகை, தேவாலயப் பாடலின் அமைதியைச் சில இடங்களில் கொண்டுவந்து சேர்க்கிறது. அத்தனைக்கும் நடுவே லனகனின் குரல்.

அத்தொகுப்பில் 'டையிங் டேய்ஸ்' என்றொரு பாடல் உண்டு. அடுத்தடுத்து நண்பர்களை இழந்த ஒரு நகரத்தின் இரங்கற் பாடல் அது. பேர்ல் ஜாம் குழுவின் மைக் மக்ரெடி அதில் கிற்றார் வாசித்திருக்கிறார். ஒப்பாரி என்று சொல்ல முடியாது, ஓலமே இல்லை. இழவு வீட்டில் அழுது முடித்துவிட்டு, வந்தவர்களுக்கு இருக்கை போட எழுந்து நடக்கும் ஒருவரின் நிதானம் அதில் இருக்கிறது. சாவுகளை எண்ணி எண்ணிப் பழகிப்போன ஒரு நாட்டிலிருந்து கேட்ட எனக்கு, அந்த நிதானம் அந்நியமாகப் படவில்லை.

அதே 1996இல் ஒயாஸிஸ் குழுவுடன் இவர்கள் அமெரிக்கச் சுற்றுப்பயணம் சென்றார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி ஊடகங்கள் இன்று நினைவுகூர்வது பாடல்களையன்று; குழுவின் பெயரை லியம் கலகர் கேலிசெய்ததால் அவருக்கும் லனகனுக்கும் இடையே மூண்ட சண்டையைத்தான். அச்சண்டையை அறிந்தவர்களில் எத்தனை பேர் 'டஸ்ற்' தொகுப்பை ஒருமுறையேனும் கேட்டிருப்பார்கள்? சண்டை எழுதுவதற்கு இலகுவானது. ஒரு குரலைப் பற்றி எழுதுவது கடினம். எங்கள் தொழில் பெரும்பாலும் இலகுவானதையே தேர்ந்திருக்கிறது.

'டஸ்ற்' விற்கவில்லை, எபிக் நிறுவனத்துடனான உறவும் முடிந்தது. 1998, 1999 ஆண்டுகளில் புதிய பாடல்களைப் பதிவுசெய்து நிறுவனம் நிறுவனமாகத் தேடினார்கள், எவரும் ஏற்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஜூனில் சியற்றிலில் ஓர் இசை அருங்காட்சியகத்தின் திறப்பு விழாவையொட்டிப் பாடிவிட்டுக் குழு கலைந்தது. வாழும் குழுவொன்று தன் கடைசிப் பாட்டை அருங்காட்சியகத்துக்காகப் பாடியது என்பதில் உள்ள கசப்பை எவரும் திட்டமிட்டிருக்க முடியாது. அந்தப் பதிவுகளை 2011இல் பறெற் மார்ட்டின் தமது சொந்த வெளியீடாக, 'லாஸ்ற் வேர்ட்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தார்.

இனி மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். இதனை எழுதுவது எனக்குச் சற்றுச் சங்கடமானது. ஸ்க்ரீமிங் ட்றீஸ் குழுவை மிகக் கடுமையாகக் குறைத்து மதிப்பிட்டவர் வேறு எவருமல்லர், அதன் பாடகரே. 2020இல் வெளிவந்த 'சிங் பக்வேர்ட்ஸ் அன்ட் வீப்' என்ற தன்வரலாற்றில், குழுவின் தொடக்ககாலப் பாடல்களை அவர் ஏறக்குறைய முற்றாகவே நிராகரிக்கிறார். கேரி லீயுடனான பிணக்குகளைத் தயவுதாட்சண்யமின்றி எழுதுகிறார். தமக்குச் சொந்தமல்லாத சொற்களை ஆண்டுக்கணக்கில் பாட நேர்ந்த எரிச்சல் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

தம்மையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பது உண்மை. போதைக்காகத் திருடியது, விற்றது, நண்பர்களை ஏமாற்றியது எல்லாவற்றையும் அவர் ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் ஓர் இரசிகன் என்ற உரிமையில் அவருடன் முரண்படுகிறேன். ஒருவர் தம் இளமையைத் திரும்பிப் பார்க்கும்போது வெட்கமே முதலில் கண்ணில் படும். நாங்கள் முதன்முதலில் எழுதிய செய்திகளை இன்று எடுத்துப் படித்தால் எங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் படைத்தவரின் வெட்கம் படைப்பின் தரத்துக்கான சான்றாகாது. கேரி லீயின் அடர்ந்த, மயக்கும் மெட்டுகள் இல்லையென்றால் அந்தக் குரலுக்கு ஏறி நிற்க மேடையே இருந்திராது. குழுவில் பாடகர் மட்டும் பாடுவதில்லை. வானும் பிக்கரலும் மார்ட்டினும் சேர்ந்தே பாடினார்கள். வான் கொனரும் 2023 ஜனவரியில் தமது 55ஆவது வயதில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்துபோனார். அவருக்கும் சேர்த்தே இந்த அஞ்சலி.

லனகன் குழுவில் இருந்தபோதே தனியாகவும் பாடினார். 1990இல் சப் பொப் நிறுவனம் வெளியிட்ட 'த வைண்டிங் ஷீற்' அவரது முதலாவது தனித் தொகுப்பு. அதில் லெட் பெலி என்ற கறுப்பினப் பாடகர் பதிவுசெய்து புகழ்பெற்ற பழைய நாட்டார் பாடலொன்றை லனகன் பாடினார். கிற்றார் வாசித்தவர் கோபெய்ன். அதே பாடலைத்தான் 1993 நவம்பரில் எம்.ரி.வி. நிகழ்ச்சியின் இறுதிப் பாடலாகக் கோபெய்ன் பாடினார். உலகம் அதனைக் கோபெய்னின் பாடலாகவே நினைவில் வைத்திருக்கிறது. அவர் பாடிய முறையின் உக்கிரத்தை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த வழியில் முதல் விளக்கை ஏற்றி வைத்தவர்களில் ஒருவர் லனகன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள். பின்னையது தீப்பிடித்த வீடு. முன்னையது தீ அணைந்த பின்னும் சூடு மாறாத சாம்பல்.

இந்த நட்பின் முடிவை லனகன் தமது நூலில் எழுதியிருக்கிறார். 1994 ஏப்ரலில், மரணத்துக்கு முன்னதான நாள்களில், கோபெய்ன் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். லனகன் எடுக்கவில்லை. அந்த எடுக்காத அழைப்பு எஞ்சிய காலம் முழுவதும் அவரைத் தொடர்ந்து வந்தது. மற்றொரு நெருங்கிய நண்பரான லேன் ஸ்டேலி, அலிஸ் இன் செயின்ஸ் குழுவின் பாடகர், 2002இல் போதையால் இறந்தார். 1995இல் வந்த 'மாட் சீசன்' என்ற கூட்டுக் குழுவின் தொகுப்பில் ஸ்டேலியும் லனகனும் சேர்ந்து பாடிய பாடல்களைக் கேட்டால், ஒரே கிணற்றுக்குள் விழுந்த இருவர் இருட்டில் ஒருவர் கையை ஒருவர் தேடுவது போல இருக்கும். கிறிஸ் கோர்னெல் 2017இல் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்.

இப்படிப் பெயர்களை அடுக்கும்போது நம்மை அறியாமலே ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. துன்பப்பட்டதால்தான் நன்றாகப் பாடினார்கள், போதை அவர்களுக்குள் எதையோ திறந்துவிட்டது, இளமையில் இறந்ததால் இறவாப் புகழ் பெற்றார்கள் என்றெல்லாம் எழுதத் தோன்றும். எழுதியும் இருக்கிறோம். இது அழகாகத் தோன்றும் ஒரு பொய். லனகனின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி. போதையின் பிடியில் இருந்த 1990களில் அவர் பெயரில் வந்த தொகுப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 'ஸ்வீற் ஒப்ளிவியன்' தொகுப்புக்கும் 'டஸ்ற்' தொகுப்புக்கும் இடையே வீணாகிய நான்கு ஆண்டுகளில் போதைக்கும் பங்குண்டு. இருந்ததைப் பறித்தது அது. எதையும் கொடுக்கவில்லை.

1990களின் இறுதியில் அவர் தெருவுக்கு வந்துவிட்ட நிலையில், சிகிச்சைக்கான செலவை ஏற்றவர் கோபெய்னின் மனைவியான கொட்னி லவ். இதனை லனகனே நன்றியுடன் பதிவுசெய்திருக்கிறார். அந்த அம்மையாரைப் பற்றி ஊடகங்கள் எழுதிய ஆயிரம் வசைகளுக்கு நடுவே இந்தச் செய்தியும் ஒரு வரி இடம் பெற்றிருக்கலாம்.

அதற்குப் பின் வந்தவற்றைப் பாருங்கள். குவீன்ஸ் ஒஃப் த ஸ்ரோன் ஏஜ் குழுவுடன் 2002இல் 'சோங்ஸ் ஃபோர் த டெஃப்'. 2004இல் தனித் தொகுப்பான 'பபிள்கம்'. கிளாஸ்கோ நகரின் மென்குரற் பாடகி இசொபெல் கம்பெலுடன் சேர்ந்து மூன்று தொகுப்புகள். அவற்றுள் 2006இல் வந்த முதலாவது, பிரித்தானியாவின் மேர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கிறெக் டல்லியுடன் 2008இல் ஒன்று. 2012இல் 'புளூஸ் ஃபியூனரல்'. நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் அவர் செய்த வேலையின் அளவு, இருபதுகளில் செய்ததைவிடப் பன்மடங்கு. கோபெய்னுக்கும் ஸ்டேலிக்கும் கிடைக்காத அந்த ஆண்டுகளில் என்ன இருந்திருக்கக்கூடும் என்பதை லனகனின் பிற்காலப் பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன. இறவாப் புகழைவிட இருபது ஆண்டு வேலை பெரிது என்பதே என் கட்சி.

அந்தக் குரலை நீங்கள் கேட்டதே இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட வேண்டாம். அன்ரனி போர்டெய்ன் என்ற அமெரிக்கச் சமையற்கலைஞர், எழுத்தாளர் நடத்திய 'பார்ட்ஸ் அன்னோன்' என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாடல், ஜோஷ் ஹோமியும் லனகனும் சேர்ந்து அமைத்துப் பாடியது. 2017இல் போர்டெய்ன் இலங்கைக்கு வந்து, கொழும்பிலிருந்து புகையிரதத்தில் யாழ்ப்பாணம் சென்ற நிகழ்ச்சியை உலகெங்கும் வாழும் நம்மவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தின் காட்சிகள் திரையில் விரிவதற்கு முன் ஒலித்த முகப்புப் பாட்டில் எலன்ஸ்பேர்க்கில் பிறந்தவரின் குரலும் இருந்தது. தன்வரலாற்றை எழுதுமாறு லனகனைத் தூண்டியவரும் போர்டெய்ன்தான். நூல் வெளிவரும்போது அவர் உயிருடன் இல்லை. 2018 ஜூனில் அவரும் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்.

2020இல் லனகன் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டு கொரோனாத் தொற்று அவரைத் தாக்கியது. ஒரு காலையில் கண்விழித்தபோது காது கேட்கவில்லை. வைத்தியசாலையில் நீண்டகாலம் மயக்க நிலையில் வைக்கப்பட்டிருந்தார். மீண்டு வந்து, அந்த அனுபவத்தையும் 'டெவில் இன் எ கோமா' என்ற சிறு நூலாக எழுதி 2021 டிசம்பரில் வெளியிட்டார். அதன்பின் இரண்டு மாதங்களே இருந்தார். வாழ்நாள் முழுவதும் சாவுக்குக் கடன்பட்டிருந்தவர், கடைசிவரை வேலை செய்துகொண்டே இருந்தார் என்பதே எனக்கு ஆறுதல்.

இவர்களது இசை உண்மையில் கிறஞ்ச்தானா என்று கேட்பவர்களும் உளர். கேள்வி நியாயமானது. 1960களின் மனமயக்க றொக் இசையும், அமெரிக்கத் தென்பகுதியின் புளூஸும், தேவாலயப் பாடல்களும் கலந்த ஒன்று அது. கிறஞ்ச் என்பது ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்தவர்களுக்குச் சஞ்சிகைகள் ஒட்டிய முத்திரை. அந்த முத்திரைக்குள் சரியாகப் பொருந்தாததும் இவர்கள் பின்தள்ளப்பட்டதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பெயர்ச்சீட்டு இல்லாத பொருளை எந்த அலுமாரித் தட்டில் வைப்பது என்று கடைக்காரருக்குத் தெரிவதில்லை.

கேட்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 'டஸ்ற்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். முதலிலிருந்து கடைசிவரை இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். பிறகு 'ஸ்வீற் ஒப்ளிவியன்'. அதன்பின் 1994இல் வந்த லனகனின் தனித் தொகுப்பான 'விஸ்கி ஃபோர் த ஹோலி கோஸ்ற்'. அது இரவில் கேட்க வேண்டியது. இம்மூன்றும் பிடித்துப்போனால் மற்றவை தாமாகவே உங்களைத் தேடி வரும்.

என்னிடமிருந்த அந்த ஒலிநாடா எப்போதோ நாடா சிக்கிப் பாழாகிப் போயிற்று. இப்போது இணையத்தில் எல்லாம் ஒரு விரல் தட்டலில் கிடைக்கின்றன. ஆயினும் அந்த ஒரு பாடலைக் கேட்கும்போதெல்லாம், பக்கப்படிக்காகக் காத்திருந்த அந்த இரவுகளின் மை வாசனை வருகிறது. 1994இல் நான் நான்கு வரிகளாகச் சுருக்கிய செய்தியில் லனகனின் பெயர் இருக்கவில்லை, இருந்திருந்தாலும் வெட்டியிருப்பேன். அன்று வெட்டியிருக்கக்கூடிய வரியை இன்று எழுதிவிடுகிறேன்: மார்க் லனகன், பாடகர், எலன்ஸ்பேர்க் நகரின் ஸ்க்ரீமிங் ட்றீஸ் குழுவைச் சேர்ந்தவர். அவரை அறிமுகம் செய்ய வேறு எவருடைய பெயரும் தேவையில்லை.